அடிப்பூச்சு சுரண்டுதல்: குருநகர் முதல் பருத்தித்துறை வரை

படகின் நீர்க்கோட்டுக்குக் கீழே பூசப்படும் அடிப்பூச்சு, கரைந்து தீர்வதற்கென்றே செய்யப்படும் பெயின்ற். வீட்டுச் சுவருக்குப் பூசுவது எவ்வளவு காலம் அசையாமல் நிற்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. படகின் அடிக்குப் பூசுவதோ நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சைக் கடல்நீருக்குள் விட்டுக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும். அந்த நஞ்சு பெரும்பாலும் செப்பு. கொட்டலசும் பாசியும் சிப்பியும் பலகையைப் பற்றாமல் தடுப்பது அதுதான். ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில், மேற்படையிலுள்ள செப்புத் தீர்ந்து வெறும் பிசின் கூடு மிஞ்சும். அதன்மேலேயே அடுத்த ஆண்டின் பூச்சு, அதற்குமேல் அதற்கடுத்தது என்று ஏறி, ஏழெட்டுப் படை சேர்ந்தபின் எல்லாம் ஒன்றாகப் பொருக்குவிட்டுக் கழரத் தொடங்கும். பொருக்கின்மேல் எந்தப் பெயின்ற்றும் நிற்காது. பொருக்குவிட்டது முழுவதையும் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

யாழ்ப்பாண நகரின் தெற்குக் கரையிலுள்ள குருநகரில் புறப்பட்டு, தீவகத்தைத் தொட்டு, காரைநகர் கடந்து, வடகரையோரமாகப் பருத்தித்துறைக்குப் போனால் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். இந்த வேலை யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை அந்தப் பாதையே காட்டிவிடும்.

குருநகர் இறங்குதுறையில் நிற்கும் படகுகள் இரண்டு சாதி. ஒன்று, வெளியிணை இயந்திரம் பூட்டிய பைபர்கிளாஸ் படகு. தொழில் முடிந்ததும் நாலைந்து பேர் சேர்ந்து கரைக்கு இழுத்துவிடுவார்கள். வெயிலில் காயும் படகில் கொட்டலசு வாழாது; ஆகவே அதற்கு அடிப்பூச்சும் வேண்டாம், சுரண்டலும் வேண்டாம். மற்றது, உள்ளிணை இயந்திரம் கொண்ட மூன்றரைத் தொன் படகும் ‘ரோலர்’ என்று ஊரில் சொல்லப்படும் இழுவைப் படகும். இருபத்தெட்டு அடி நீளமான மூன்றரைத் தொன் படகை நாளாந்தம் கரையேற்ற முடியாது. அது இரவும் பகலும் தண்ணீரில்தான் கிடக்கும். குடாநாட்டின் ஆயிரக்கணக்கான படகுகளில் அடிப்பூச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவை இந்த இரண்டாம் சாதி மட்டுமே. கரைவலைத் தோணிக்காரருக்கும் கட்டுமரக்காரருக்கும் இது அடுத்த வீட்டுக் கதை.

கடலில் விட்ட பலகை ஒரு நாளுக்குள் வழுவழுப்பாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் படலம் அது. அதன்மேல் பாசி பிடிக்கும். பிறகு கொட்டலசின் குஞ்சு வந்து சேரும். நீரில் நீந்தித் திரியும் அந்தக் குஞ்சு தன் உணர்கொம்புகளால் பலகையை நடந்து நடந்து தடவிப் பார்த்து, பிடித்த இடத்தில் தலைகீழாக நின்று, தானே சுரக்கும் பசையால் தலையை ஒட்டிக்கொள்ளும். பிறகு சாகும்வரை அசையாது. சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டி, கால்களால் நீரை அளைந்து உணவை வாய்க்குத் தள்ளியபடி அங்கேயே இருக்கும். சாள்ஸ் டார்வின் எட்டு ஆண்டுகளைச் செலவிட்டு 1851-க்கும் 1854-க்கும் இடையில் இந்தப் பிராணியைப் பற்றித் தடித்த தொகுதிகளாக எழுதினார். ஆழமற்ற பரவைக் கடலின் இளஞ்சூட்டு நீரில் அது வளரும் வேகத்தைப் பார்த்தால் அந்த எட்டு ஆண்டு மிகையாகத் தோன்றாது. சில வாரம் கவனிக்காமல் விட்ட அடிப்பலகையில் கையை வைத்தால் அரத்தில் தேய்த்தது போல் தோல் போகும்.

கொட்டலசு ஏறிய படகு பாரமான படகு; அதே விசையில் மெதுவாகப் போகும், அதே வேகத்துக்குக் கூடுதல் எண்ணெய் குடிக்கும். எண்ணெயின் விலை தெரிந்தவருக்கு இது சிறிய விடயமல்ல. 2022 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாக ஏறியது. சிறு படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. அந்த ஆண்டிலே படகின் அடியைத் துப்புரவாக வைத்திருப்பது அழகுக்காகச் செய்யும் காரியமாக எவருக்கும் படவில்லை.

செப்பு இந்த வேலைக்கு வந்தது புதிதல்ல. பிரித்தானியக் கடற்படை 1761-இல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடியைச் செப்புத் தகட்டால் மூடிப் பார்த்தது. பாசியும் கப்பற்புழுவும் அண்டவில்லை. ஆனால் தகடு பட்ட இடங்களில் இரும்பாணிகள் அரித்துப்போயின. உப்புநீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் மெலிந்தது கரையும் என்ற பாடத்தை அந்தக் கப்பல் விலைகொடுத்துக் கற்றுத் தந்தது. பின்னாளில் தகட்டின் இடத்தைச் செப்பு ஒட்சைட்டுப் பொடி கலந்த பெயின்ற் பிடித்தது. படகடி என்றால் செங்கல் நிறம் என்று கண்ணில் பதிந்திருப்பதற்கு அந்தப் பொடியின் இயல்பான சிவப்பே காரணம். ஒரு ரின்னைத் தூக்கினாலே அதில் உலோகம் இருப்பது தெரியும்: அதே அளவு சுவர்ப் பெயின்ற்றைக் காட்டிலும் கை கூடத் தாழும்.

இடையில் 1960-களிலும் 70-களிலும் செப்பைவிடக் கொடிய ஒன்று வந்தது. ரிரைபியூற்றைல்ரின் எனப்படும் வெள்ளீயச் சேர்மம். கொட்டலசை அது நன்றாகவே கொன்றது. கூடவே பிரான்சின் ஆர்க்காஷோன் குடாவில் வளர்ப்புச் சிப்பிகளின் ஓடுகளையும் உருக்குலைத்தது, கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைக்கச் செய்தது. பிரான்சு 1982-இல் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. சர்வதேச கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை 2001-இல் ஏற்கப்பட்டு, 2008 செப்டெம்பர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய படகொன்றைக் கைமாறி வாங்கியவர் சுரண்டும்போது அடியிலுள்ள படைகள் எந்தக் காலத்தவை என்று அறிய வழியில்லை. மரப்படகாயின் எல்லாவற்றுக்கும் கீழே செம்மஞ்சள் நிறத்தில் ஈயச் செந்தூரமும் கிடக்கக்கூடும். ஆகவே சுரண்டி விழுவது முழுவதையும் நஞ்சாகவே எண்ணிக் கையாள்வது புத்தி.

குருநகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக மேற்கே திரும்பினால் இருபுறமும் பரவைக் கடல். பல இடங்களில் இடுப்பளவு நீர். மீன் பிடிக்க நட்ட களங்கட்டிகளின் தடிகள் கரையிலிருந்து வெகுதூரம்வரை நிரைநிரையாக நிற்கும். வேலணை, புங்குடுதீவு கடந்து பாதை முடியும் இடம் குறிகட்டுவான். நயினாதீவுக்குப் போகும் படகுகளும் நெடுந்தீவுக்குப் போகும் படகுகளும் அங்கிருந்து புறப்படுகின்றன. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் ஓய்வின்றி ஓடும் இந்தப் பயணிகள் படகுகளும் தண்ணீரை விட்டு ஏறாத சாதிதான். அவற்றைக் கரையேற்றுவது தனியொரு வித்தை. ஐரோப்பியக் கரைகள் பலவற்றில் வற்றுப் பெருக்கு பல மீற்றர்; நீர் வற்றும்போது படகு தானாகவே தரைதட்டி நிற்க, ஆறு மணித்தியாலத்துக்குள் அடியைச் சுரண்டிப் பூசி முடித்துவிடுகிறார்கள். பாக்கு நீரிணைப் பக்கத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. இங்கே கடல் அந்த உதவியைச் செய்வதில்லை. உருளைகளைப் போட்டு, வடம் கட்டி, ஆளாலோ உழவு இயந்திரத்தாலோ வின்ச்சாலோ இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றுக்கூலியும் ஆட்கூலியும் சேரும்போது, ஏறியதோடு ஏறியதாக எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வரும். சுரண்டல் அரைகுறையாவதற்கு முதற் காரணம் அந்த அவசரம்.

காலமும் பார்க்க வேண்டும். வாடைக்காற்று அடிக்கும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகரை கொந்தளிக்கும். படகுகள் கரையில் கிடக்கும். ஆனால் அதுவே குடாநாட்டின் மழைக்காலம். ஈரப் பலகையில் பெயின்ற் பிடிக்காது. மழை விட்டு, பலகை உலர்ந்து, சோளகம் தொடங்குவதற்கு முன்னுள்ள சில மாதங்கள்தாம் சுரண்டவும் பூசவும் தோதானவை.

தீவகத்தில் இன்னொன்றையும் கவனிக்காமல் வரமுடியாது. கரையோரம் நெடுக வலையால் அடைத்த கடலட்டைப் பண்ணைகள். கடலட்டை சேற்றையும் மணலையும் விழுங்கி, அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிக்கும் பிராணி. அதன் வாழ்க்கையே கடலடி மண்ணை உண்பதுதான். பண்ணைகள் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் தீவகத்தில் ஓயாமல் நடக்கிறது, அது வேறு. படகடியிலிருந்து உதிர்ந்த செப்புப் பொருக்கு போய்ச் சேரும் இடமும் அதே மண் என்பதில் வாதமில்லை. ஆழ்கடலில் அலை கரைத்துக் கொண்டுபோகும். பரவைக் கடலில் விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

புங்குடுதீவிலிருந்து திரும்பி வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்கு வந்தால், கடற்கோட்டையைப் பார்த்தபடி காரைநகருக்குப் ‘பாதை’ ஏறலாம். தெருவைக் குறிக்கும் சொல்லையே மிதவைக்கும் வைத்திருக்கிறார்கள். மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அந்த ஒடுங்கிய நீரைக் கடக்கும் தட்டையான உருக்கு மிதவை அது. உருக்கு அடிக்கு விதி வேறு. செப்புப் பூச்சு நேரடியாக உருக்கைத் தொட்டால் ‘அலார்ம்’ கப்பலின் ஆணிகளுக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். இரண்டுக்கும் நடுவே காப்புப் படை ஒன்று வேண்டும். அந்தப் படையைச் சுரண்டி எடுத்துவிடாமல் மேலுள்ளதை மட்டும் எடுப்பதில் இருக்கிறது திறமை.

காரைநகர், குடாநாட்டின் பைபர்கிளாஸ் வரலாற்றில் தவிர்க்க முடியாத ஊர். நோர்வே நாட்டு உதவியோடு 1967-இல் தொடங்கிய சீநோர் திட்டம் அங்கே படகு கட்டும் தளத்தை நிறுவியது. குருநகரில் அதன் வலைத் தொழிற்சாலை இருந்தது. மரம் தேடி அலைந்த கரைக்கு அச்சில் வார்த்தெடுக்கும் படகைப் பழக்கிய தளங்களில் அது முக்கியமானது. உள்நாட்டுப் போர் அதைச் சிதைத்தது. பைபர்கிளாஸ் படகின் வெளித்தோல் ஜெல்கோட் எனப்படும் பளபளப்பான பிசின் படை. அதன் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவே. அதற்குள்ளே கண்ணாடி நார்ப் படுக்கை. தோல் கிழிந்தால் நீர் நாருக்குள் புகுந்து, மாதக்கணக்கில் ஊறி, கொப்புளமாகக் கிளம்பும். எந்தக் கருவியால் சுரண்டினாலும் நினைவில் நிற்கவேண்டிய அளவு அந்த அரை மில்லிமீற்றர்.

கருவிகளுக்கு வருவோம். பழையது கைச் சுரண்டி: வாகனத்தின் வில்தகட்டை வெட்டி, ஒரு முனையை மடக்கித் தீட்டி, மறுமுனையில் மரப்பிடி போட்டது. 1990-க்குப் பின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோன நீண்ட ஆண்டுகளில் கடற்கரையில் வேறு கருவிக்கு இடமே இருக்கவில்லை. இப்போது இரும்புக் கடைகளில் கிரைண்டர் மலிவு. அதனால் சுரண்டுவதற்கும் கிரைண்டரையே தூக்குகிறவர்கள் உண்டு. இது கெட்ட பழக்கம். கிரைண்டர் பூச்சை மாவாக்குகிறது; செப்பும் ஈயமும் கலந்த அந்த மாவு மூக்கிலும் காற்றிலும் அடுத்த வீட்டுக் கிணற்றிலும் ஏறும். பலகையில் பிறைபிறையாகக் குழியும் விழும்.

மின் சுரண்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கருவி. தடித்த கைவிளக்கை ஒத்த உடம்பு. முனையில் நாலைந்து சென்ரிமீற்றர் அகலத் தகட்டுக் கத்தி. உள்ளே மோட்டாரின் அச்சில் மையம் தப்பிய ஒரு சில்லு இருக்கும். அது சுழலும்போது கத்தி முன்னும் பின்னும் சில மில்லிமீற்றர் துள்ளும். நிமிடத்துக்குப் பல ஆயிரம் துள்ளல். தளபாடத்தின் பழைய வார்ணிசையும் தரையில் ஒட்டிய பசையையும் எடுப்பதற்காகச் செய்யப்பட்ட இந்தப் பொருள், படகடிக்கும் பயன்படும். விலை குறைந்தவற்றின் குறைகள் முன்கூட்டியே சொல்லத்தக்கவை: மோட்டார் விரைவில் சூடாகும், கத்தியை இறுக்கும் திருகாணி அதிர்வில் தளரும், கத்தியின் உருக்கு மட்டமானது, சீக்கிரம் முனை மழுங்கும். மூன்றுக்கும் மருந்து உண்டு. கால் மணித்தியாலம் ஓட்டினால் சற்று ஆறவிடலாம். ஒவ்வொரு தடவையும் திருகாணியைத் தொட்டுப் பார்க்கலாம். கத்திக்குப் பதில், ஊர்ப் பட்டறையில் நல்ல உருக்கில் அதே துளைகளோடு ஒன்று அடித்துக்கொள்ளலாம். உண்மையில் மலிவுக் கருவியில் மாற்றவேண்டியது கத்தி ஒன்றைத்தான், மற்றவற்றோடு ஒத்துப்போகலாம்.

அதற்கு இருக்கும் பெரிய குணம், பூச்சைப் பொடியாக்காமல் சில்லு சில்லாக எடுப்பது. சில்லைக் கூட்டி அள்ளலாம். பொடியை எவராலும் திரும்பப் பிடிக்க முடியாது.

வேலை நடக்கும் ஒழுங்கு இது. படகு ஏறிய அன்றே, ஈரம் காயுமுன், கைச் சுரண்டியால் கொட்டலசையும் பாசியையும் தள்ளிவிட வேண்டும். ஈரத்தில் இலேசாக விழும் கொட்டலசு, இரண்டு நாள் வெயில் கண்டால் சீமெந்தாகிவிடும். ஈரத்தில் தள்ளினாலும் அதன் அடித்தட்டு வட்டவட்டமாகப் பலகையில் வெள்ளைப் பொட்டுப்போல நிற்கும். நன்னீரால் கழுவி உலரவிட்ட பிறகுதான் மின்கருவிக்கு முறை. உப்புநீரும் 230 வோல்ட்டும் சேரும் இடத்தில் அலட்சியம் ஆளைக் கொல்லும்: நிலம் உலர்ந்திருக்க வேண்டும், இணைப்பு வயரின் மூட்டு மணலில் கிடக்கக்கூடாது, இணைப்பு எடுக்கும் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முன்பே அமத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பூச்சின் குணத்தை அறிய ஓர் எளிய சோதனை. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் சிவப்பு ஏறுகிறதா? ஏறினால் அது தேய்ந்து கரையும் மென்பூச்சு. கருவியின் கத்தியில் மெழுகுபோல் அப்பிக்கொள்ளும். அங்கே இழுத்துச் சுரண்டும் கைக்கத்தியே வேகம். ஏறாவிட்டால் அது வன்பூச்சு. காய்ந்து நொறுங்கும் நிலையிலுள்ள வன்பூச்சுத்தான் மின் சுரண்டிக்கு வாய்த்த இரை. ஏற்கெனவே பொருக்குவிட்ட ஓர் ஓரத்தைத் தேடி, கத்தியைப் பலகையோடு படுத்தாற்போல் வைத்து, ஓரத்துக்கு அடியில் நுழைக்க வேண்டும். நுழைந்ததும் உள்ளங்கை அகலச் சில்லு ஒன்று மேல்நோக்கிச் சுருண்டு கழரும். அதன் வெட்டுமுகத்தில் சிவப்பு, நீலம், மறுபடி சிவப்பு, கறுப்பு என்று ஆண்டு ஆண்டாகப் பூசியதன் கணக்குத் தெரியும். கருவியைத் தள்ளத் தேவையில்லை. கையின் பாரமே போதும். தள்ளினால் கத்தி தலைகுனிந்து ஜெல்கோட்டைக் கொத்தும். கத்தியின் இரண்டு மூலைகளையும் அரத்தால் உருட்டிவிடுவது, புதிதாய் வாங்கியவர் முதலில் செய்யவேண்டியதும் பெரும்பாலும் மறப்பதும். கூர்மூலை போட்ட கீறலைப் பிறகு நிரவி எடுக்கும் நேரத்தில் மூலையைப் பத்துத் தரம் உருட்டியிருக்கலாம்.

கண்ணைவிடக் காது இதில் நல்ல வழிகாட்டி. பூச்சுப் பலகையை விட்டுக் கிளம்பியிருக்கும் இடத்தில் கருவியின் ஓசை வெற்றுப் பெட்டியைத் தட்டுவதுபோல இருக்கும். இறுகிப் பிடித்திருக்கும் இடத்தில் தொனி உயர்ந்து ஒடுங்கும். ஒடுங்கும் இடத்தில் மல்லுக்கு நிற்பது வீண். இறுகிப் பிடித்த பழைய பூச்சு, புதியதற்கு நல்ல அத்திவாரம். பலகை தெரியும்வரை எல்லாவற்றையும் எடுத்தே தீர்வேன் என்று நிற்பவர் ஒரு வாரத்தைத் தொலைப்பார். நிறம் மாறி, அடிப்படைப் பூச்சின் சாம்பலோ ஜெல்கோட்டின் வெள்ளையோ எட்டிப் பார்த்தால் நிறுத்திவிட வேண்டும்.

வேலையின் அளவைக் கணக்காகப் பார்த்தால் அது விளங்கும். மூன்றரைத் தொன் படகின் நீர்க்கோட்டு நீளம் 8 மீற்றர், அகலம் 2.4, நீருக்குள் ஆழம் 0.8 என்று வைத்தால், நனையும் பரப்பு ஏறத்தாழ 25 சதுர மீற்றர். ஐந்து சென்ரிமீற்றர்க் கத்தி அந்தப் பரப்பை ஒருமுறை கடக்க 500 மீற்றர் ஓட வேண்டும். ஒரு கோடும் பிசகாமல் போனாலே அரைக் கிலோமீற்றர். பழைய பூச்சு அரை மில்லிமீற்றர் தடிப்பு என்றால் எடுப்பது பன்னிரண்டு லீற்றருக்கு மேல். செப்பின் பாரத்தால் நிறை 25 கிலோவை எட்டும். ஓர் உரப்பையில் பாதி. அந்த அரைக் கிலோமீற்றரில் பெரும் பங்கு மல்லாந்து படுத்து, சாக்கைக் கீழே விரித்து, முகத்துக்கு நேரே கருவியைப் பிடித்தபடி கழிகிறது. கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் செய்யக்கூடிய வேலையல்ல. வெக்கையில் முகமூடி போட முடியாது என்பதும் உண்மைதான். அதற்கு விடை, வெயிலேறுமுன் தொடங்கி முற்பகலோடு நிறுத்துவது. தொடர்ந்து அதிர்வைப் பிடித்த விரல்கள் மரத்து வெளிறும். அன்றைக்கு அதற்குமேல் கருவியைத் தொடக்கூடாது.

சில்லுகள் விழும் நிலத்தில் முன்பே தறப்பாள் விரித்திருந்தால், மாலையில் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கிப் பையில் கொட்டிவிடலாம். விரிக்காத இடத்தில் மணல் செங்கல் நிறமாகி, முதல் மழையோடு அது கடலுக்குப் போகும். புதைப்பதும் கூடாது. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடக்கிறது. குடிக்கும் நீரில் பெரும்பகுதி அந்தக் கல்லின் பொந்துகளில் தங்கும் மழைநீர். ஓரிடத்தில் புதைத்தது எந்தக் கிணற்றில் எழும் என்று சொல்ல முடியாது. எரித்தால் ஈயமும் செப்பும் புகையோடு கிளம்பும். 2008-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் கடல் மாசடைவதைத் தடுக்கும் பொறுப்பைக் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையிடம் ஒப்படைத்திருக்கிறது. எண்ணெய்க் கப்பல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகத் தோன்றும் சட்டத்தின் முன் உரப்பைப் பொருக்கு அற்பமாகத்தான் தெரியும். பையைக் கட்டி, மழை படாத இடத்தில் வைத்து, மற்ற நச்சுக் கழிவோடு சேர்ப்பதே செய்யக்கூடியது.

காரைநகரிலிருந்து பொன்னாலைப் பாலம் கடந்து, மாதகல், கீரிமலை, காங்கேசன்துறை வழியாகக் கிழக்கே போனால் மயிலிட்டி. ஒருகாலத்தில் வடக்கின் பெயர்போன மீன்பிடித் துறை. 1990-இல் மக்கள் வெளியேற, உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து, 2017 யூலையில்தான் துறைமுகம் திரும்பக் கிடைத்தது. அங்கே கட்டிவைக்கப்பட்டிருக்கும் தமிழகத்து இழுவைப் படகுகள், எல்லை தாண்டிப் பிடிபட்டு வழக்கில் கிடப்பவை, அடிப்பூச்சுத் தீர்ந்த பின் படகுக்கு என்ன நேரும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாமல் செய்கின்றன. நீர்க்கோட்டில் பச்சைத் தாடி. அதற்குக் கீழே பலகை தெரியாத அளவுக்குக் கொட்டலசு. சில ஒருபக்கம் சாய்ந்து பாதி மூழ்கிவிட்டன. மரப்படகை மூழ்கடிப்பது கொட்டலசல்ல. செப்புக் காவல் நீங்கியதும் உள்ளே நுழையும் கப்பற்புழு. வெளியே ஊசித்துளை, உள்ளே விரல் நுழையும் சுரங்கம்.

மரத்தைப் பற்றிப் பேசினால் வல்வெட்டித்துறையில் நிற்காமல் போக முடியாது. ரங்கூனுக்கும் அக்கியாபுக்கும் தமிழகக் கரைக்கும் பாய்க்கப்பல் ஓட்டிய ஊர். கப்பலை அங்கேயே கடற்கரையில் கட்டிய ஊர். 1930-இல் அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’யை அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயர் மாற்ற, வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதை ஓட்டிச் சென்று 1938 ஓகஸ்டில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்தப் பயணத்தைப் பாய் விரித்தவர்களின் தீரமாகவே ஊர் நினைக்கிறது. மரத்துக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள நீக்கலில் பஞ்சையும் நூலையும் திணித்துப் பிசினால் அடைத்த கைகளுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த வேலைக்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்.

மரப்படகைச் சுரண்டுபவருக்குக் கலப்பற்றுத்தான் எல்லைக்கோடு. மின் சுரண்டியின் கத்தி பலகையின் நாரோட்டத்தோடுதான் போகவேண்டும்; குறுக்கே போனால் நார் பிய்ந்து எழும். இரண்டு பலகை சந்திக்கும் நீக்கலில் கத்தி இறங்கினால் அடைத்த பஞ்சைக் கிழித்துக்கொண்டு வரும். மறுநாள் கடலில் விட்ட படகு அந்தக் கிழிசலால் நீர் குடிக்கும். ஆகவே நீக்கலின் இரு கரையிலும் இரண்டு விரல் அகலத்தைக் கைச் சுரண்டிக்கு விட்டுவிட வேண்டும். ஆணித்தலைகளைச் சுற்றியும் அப்படியே. சுரண்டிய பலகையைச் சாய்வெயிலில் பார்த்தால் ஊசித்துளைகள் தெரியும். தெரிந்த இடத்தில் உளியால் குத்திப் பார்க்க, மரம் பொருபொருவென்று உள்ளே போகுமானால் பலகையையே மாற்ற வேண்டியதுதான். பழைய பூச்சை எடுப்பதால் கிடைக்கும் மறைமுக இலாபம் இந்தப் பரிசோதனை.

வல்வெட்டித்துறை முதல் பருத்தித்துறை வரை கரைக்கு முன்னால் முருகைக்கல் திட்டு நீண்டு கிடக்கிறது. அதை வெட்டி ஆழமாக்கிய ஒடுங்கிய வாய்க்காலுக்கு ‘வான்’ என்று பெயர். படகு போவதும் வருவதும் அதனூடாகத்தான். வான் தப்பினால் கல் படகடியைச் சுரண்டும், எந்தக் கருவியும் சுரண்டாத அளவுக்கு. வடமராட்சிப் படகுகளின் அடிமரமான ஏராவின் ஓரத்தில் பூச்சு நிற்காமைக்குப் பெயின்ற்றைக் குறைசொல்ல முடியாது.

சுரண்டி முடிந்த அடியை அரத்தாளால் மெல்ல மட்டப்படுத்தும்போது நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். உலர் தேய்ப்புத் திரும்பவும் மாவைக் கிளப்பும். வெறும் பலகையும் ஜெல்கோட்டும் தெரியும் இடங்களுக்கு அடிப்படைப் பூச்சு. பிறகு இரண்டு கை செப்புப் பூச்சு. லீற்றருக்குப் பத்துச் சதுர மீற்றர் போகும் என்று பார்த்தால் நமது 25 சதுர மீற்றருக்கு ஒரு கைக்கு இரண்டரை லீற்றர், வீணாவதோடு சேர்த்து இரு கைக்கும் ஆறு. செப்பு அடியில் தேங்கிவிடும் ஆதலால் ரின்னை அடிமுட்டக் கலக்கிக்கொண்டே பூச வேண்டும். கலக்காமல் பூசினால் பாதிப் படகுக்கு வெறும் பிசினும் மீதிப் படகுக்குச் சேறும் போகும். நீர்க்கோட்டிலும் சுக்கானின் முன்விளிம்பிலும் நீர் அதிகம் உராய்வதால் அங்கே மூன்றாவது கை. உலோகம் அரிக்காமல் தன்னைக் கொடுத்துக் கரையும் நாகக் கட்டி, சுழலித் தண்டின் அருகே பூட்டியிருக்கும். அதன்மேல் மட்டும் தூரிகை படக்கூடாது. படகு அழகாக இருக்கட்டும் என்று அதையும் சேர்த்துப் பூசிவிட்டு, அடுத்த ஆண்டு தண்டை மாற்றியவர்கள் உண்டு.

மிஞ்சுவது மிண்டு கொடுத்த இடங்கள். படகைத் தாங்கி நிற்கும் கட்டைகளுக்கு அடியில், பலகையளவான நாலைந்து சதுரங்கள், சுரண்டப்படாமலும் பூசப்படாமலும் இருக்கும். ஒவ்வொரு மிண்டாகக் கழற்றி ஒரு சாண் தள்ளிக் கொடுத்து, அந்தச் சதுரத்தையும் சுரண்டிப் பூசி, காயும்வரை காத்திருந்த பிறகே வடத்தை அவிழ்க்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் இறக்கிய படகை அடுத்த முறை கரையேற்றும்போது, மிண்டு நின்ற இடங்களில் மட்டும் சதுரம் சதுரமாகக் கொட்டலசு முளைத்திருக்கும்.